முட்டைக்காரியின் முகம்

கொடைக்கானல் பஜாரில் அந்த நாளில் பலகையிலோ தகரத்திலோ ஓர் எழுத்து நிமிர்ந்து நின்றால் அது அப்துல் குத்தூஸ் வெயிலில் எழுதியது. சாய்ந்து நின்றால் அவரே குளிரில் எழுதியது. ரொட்டிக்கடை, கம்பளிக்கடை, பூம்பாறை பஸ்ஸின் நெற்றி என்று எதிலும் அவர் பேதம் பார்த்ததில்லை. ‘நாய் ஜாக்கிரதை’ என்று அவர் எழுதிக் கொடுத்த பங்களாக்களில் பாதிக்கு நாயே கிடையாது. "நாய்க்குத் தெனம் சோறு போடணும். எழுத்துக்கு வருசத்துக்கு ஒரு வார்னிஷ் போதும்" என்பார்.

வார்னிஷில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. மலையில் எதையும் சும்மா விட்டுவைக்க முடியாது, ஈரம் தின்றுவிடும். கட்டிலுக்கடியில் செருப்பு பூக்கும். பெட்டிக்குள் கல்யாணச் சேலை பூக்கும். மழைக்காலம் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் மனுசனும் பூத்துவிடுவான் என்று மச்சினன் ஒலியுல்லாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். அப்படி உட்கார்ந்திருப்பது யார் என்று மட்டும் யோசிக்க மாட்டார். ஆடிச் சாரலுக்கு முன்னால் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, தான் எழுதிய பலகைக்கெல்லாம் ஒரு கை இழுத்துவிட்டு வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பெற்றவன் பிள்ளைகளுக்குத் தலை துவட்டிவிடுகிற மாதிரி ஒரு சோலி அது.

உருவம் மட்டும் எழுத மாட்டார். திண்டுக்கல்லில் தொழில் சொல்லிக் கொடுத்த உஸ்தாது போட்ட கட்டளை: உயிருள்ள எதற்கும் முகம் எழுதாதே, நாளை மறுமையில் ‘எழுதினாயே, உயிரையும் கொடு’ என்று கேட்பார்கள். சலூன்காரர் மீசை வைத்த முகம் கேட்டபோது கத்தரியும் சீப்பும் எழுதிக் கொடுத்தார். கறிக்கடைக்கு ஆடு எழுதியவர் கழுத்தோடு நிறுத்திவிட்டார். "தலையத் தனியாத்தானே விக்கிறீங்க" என்று கடைக்காரரிடமே நியாயம் கேட்டார்.

அந்த நியாயத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுபோனதுதான் வினை. ஒரே மகள் ஆமினா ஒரு நோன்புப் பெருநாளன்று ஏரிக்கரை போட்டோ ஸ்டுடியோவில், ஆகாய விமானம் எழுதிய திரைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று அழுதாள். "உருவப்படம் இருக்குற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வரமாட்டாங்கம்மா" என்று சொல்லிப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மிட்டாய் கரைந்தது, அழுகையும் கரைந்தது. அதற்கடுத்து வந்த ஐப்பசி அடைமழையில், காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஆமினா மௌத்தாகிவிட்டாள். பதிமூன்று வயது.

குத்தூஸின் மனைவி மரியம் பீவி, வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தாள். மலைக்குளிரில் கோழி முட்டையிடுவதே நமக்குச் செய்கிற உபகாரம். சாயங்காலமானால் கூட்டுக்குச் சாக்கு போர்த்தி, பக்கத்தில் கரிச்சட்டி வைத்து, புதுமாப்பிள்ளையைப் போலக் கவனிக்க வேண்டும். அந்த முட்டைகளை வைக்கோல் பரப்பிய கூடையில் பங்களா பங்களாவாகக் கொண்டுபோய்க் கொடுத்தது ஆமினாதான். அவள் போன பிறகு மரியம் பீவி முட்டை எடுப்பதை விட்டுவிட்டாள். கோழிகள் தம்பாட்டுக்கு அடைகாத்துப் பொரித்துப் பாதியைக் கீரிக்குக் கொடுத்தன.

ரமலானில் ஒருநாள் நோன்புக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையோடு எழுந்து வந்தாள்.

"என்னங்க, ஒங்களுக்கு அவ மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

"இதென்ன கேள்வி?"

"கண்ணை மூடுனா வர்றா. கூடை வருது, பாவாடை வருது. மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. நேத்து வந்துச்சு. இன்னைக்கு இல்லை."

குத்தூஸ் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். "கஞ்சி அடிப்பிடிக்குது பாரு" என்றார். சட்டியில் கஞ்சி நன்றாகத்தான் இருந்தது.

சீசன் வந்தது. அறுபத்தொன்றாம் வருடம். பங்களாக்காரர்கள் சிலர் கூடி, ஏரிக்குப் போகிற வழியில் பூட்டிக்கிடந்த பில்லியர்ட்ஸ் கூடத்தைத் திறந்து ஓவியக் கண்காட்சி வைப்பதென்று தீர்மானித்தார்கள். சட்டம் போட, வாசல் பலகை எழுத, ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரட்டை எழுத எல்லாவற்றுக்கும் குத்தூஸ்தான். அடுத்தவர் எழுதிய முகத்துக்குச் சட்டம் போடலாமா என்று உஸ்தாது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இவரும் கேட்டிருக்கவில்லை.

மூன்று ஓவியர்கள். ஒருவர் படத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் படம் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒற்றுமை. நல்லவேளையாகக் கூடத்தில் ஒழுகாத சுவரும் மூன்றுதான்.

ஓய்வுபெற்ற ரேஞ்சர் இராமலிங்கம் எண்ணெய் வண்ணத்தில் சோலைக்காடு எழுதுவார். இலைக்கு இலை நரம்பு இருக்கும். ஒரு மரத்தை முடிப்பதற்குள் காட்டில் அந்த மரம் விழுந்துவிடும். மனிதர்களை அவர் எழுதுவதில்லை. "மனுசன் நிக்க மாட்டான் பாய். மரம் நிக்கும்" என்பார். இரண்டாமவர் குருநாதன், மதராஸில் சித்திரக்கலை படித்த தாடிக்காரர். சீசனுக்குச் சீசன் வட்டக்கானலில் அறை எடுத்துத் தங்குவார். அவருக்கு இலையும் வேண்டாம், மரமும் வேண்டாம், ஒரு முக்கோணம் கிடைத்தால் போதும். மூன்றாவது டோரத்தியம்மா. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் டிராயிங் சொல்லிக் கொடுத்துவிட்டு, இந்தச் சீசனோடு சீமைக்குக் கப்பலேறப் போகிறவர். அவர் முகங்கள் வரைவார். பெயின்ட் கிடையாது. வண்ண வண்ணமாகச் சாக்பீஸ் மாதிரிக் கட்டிகள், அவற்றைக் காகிதத்தில் தேய்த்து விரலால் இழைப்பார்.

"இம்புட்டுக் கஷ்டத்துக்குப் பேசாம ஒரு கேமரா வாங்கிரலாம் சார்" என்று ரேஞ்சரின் மரத்தைப் பார்த்துக் குருநாதன் சொன்னார்.

"கேமராவுக்குப் பொறுமை கெடையாது தம்பி. அந்த விசயத்துல அது ஒனக்குச் சொந்தக்காரன்தான்."

குத்தூஸ் இருவருக்கும் பொதுவாகச் சிரித்துவிட்டு ஆணியடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து, படம் பார்க்க முதல் ஆளாகச் சுற்றிப் போனது. டோரத்தியம்மாவின் சுவருக்கு வந்தார். ‘முட்டை விற்கும் சிறுமி’ என்ற அட்டையைக் கடையிலேயே நல்ல எழுத்தாக எழுதி வைத்திருந்தார். ‘ட்டை’யின் கொம்பு கொஞ்சம் ஒயிலாகவே வந்திருந்தது. அட்டைக்குரிய படத்தைத் தேடி மெழுகுத்தாளைப் பிரித்தார்.

கூடையைத்தான் முதலில் பார்த்தார். கைப்பிடியில் நீலத்துணி சுற்றியிருந்தது. கை உறுத்துகிறது என்று ஆமினா சொன்னதால் அவரே பிரஷ் துடைக்கிற துணியைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தது. துணியில் இருந்த பச்சைக் கறைகூடப் படத்தில் இருந்தது.

பிறகு முகத்தைப் பார்த்தார். தலையில் போட்ட தாவணி நழுவி, ஏதோ கேட்கப்போவதுபோல வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

சுத்தியலை எங்கே வைத்தோம் என்று தேடினார். கையில்தான் இருந்தது.

"குத்தூஸ், இந்தச் சிறுமியை நீ அறிவாயா?" டோரத்தியம்மா வேதப்புத்தகத் தமிழில் கேட்டார். "இரண்டு பிற்பகல் எனக்காக அசையாமல் இருந்தாள். மழைக்கால விடுமுறைக்கு நான் சமவெளிக்குப் போய் வந்தேன். அதன் பிறகு அவள் வருகிறதில்லை. அவளுக்கென்று ஒரு ரிப்பன் வைத்திருக்கிறேன்."

"தெரியும்மா. என் மகதான்."

"உன் மகளா? அவள் சொல்லவேயில்லை! அவளை வரச் சொல்."

"வரமாட்டாம்மா."

அதைச் சொன்ன விதத்திலேயே அந்தக் கிழவிக்கு விளங்கிவிட்டது. சாக்பீஸ் படிந்த கையை வாயில் வைத்துக்கொண்டார். மேலுதட்டில் நீலம் ஒட்டியது. துடைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று குத்தூஸ் யோசித்தார், சொல்லவில்லை.

எதிர்ச்சுவரிலிருந்து குருநாதன் மெல்ல வந்தார். "பாய், என்னோட ஏழாம் நம்பர் படமும் அந்தப் பொண்ணுதான். போன சீசன்ல வட்டக்கானல் பாதையில ஏறி வருவா."

குத்தூஸ் போய்ப் பார்த்தார். ஒரு நீல முக்கோணம், ஏழு வெள்ளை வட்டம். "இதுல எதுங்க என் மக?"

"பொண்ணு இல்லை பாய். அவ கடந்து போன அப்புறம் இருக்குற மௌனம்."

"ஏழு மௌனமா? எங்க வீட்டுல ஒண்ணே தாங்கலைங்க."

குருநாதன் தாடிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். கிண்டலா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னவருக்கும் தெரியவில்லை.

குத்தூஸ் அங்கிருந்து நேரே ஒலியுல்லாவின் கடைக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஏலே ஒலி, ஒங்கக்காகிட்ட சொல்லிராதே" என்றார்.

"ச்சே, சொல்லுவனா மச்சான்" என்ற ஒலியுல்லா கொதிக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டுக் கடைப் பலகையை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

"எங்கலே போறே?"

"அக்காகிட்ட சொல்ல."

மறுநாள் வெள்ளனே, கூட்டம் வருவதற்கு முன்னால் மரியம் பீவி வந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் பஜாரைத் தாண்டியது அன்றைக்குத்தான். வெள்ளைத் துப்பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரேஞ்சரின் காட்டையும் குருநாதனின் முக்கோணத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் நடந்து, டோரத்தியம்மாவின் சுவரில் நின்றாள். அழுவாள் என்று ஒலியுல்லா சோடா வாங்கி வைத்திருந்தான். அவள் அழவில்லை.

"இங்கதான் இருந்தியா?" என்றாள் படத்தைப் பார்த்து. "தாவணி நழுவிக் கெடக்கு பாரு. அம்புட்டுச் சனத்துக்கு முன்னால."

சரிசெய்யக் கை நீட்டினாள். கண்ணாடியில் விரல் முட்டியது.

"ரெண்டு நாளு நேரங்கழிச்சு வந்தா" என்றாள் திரும்பாமலே. "தோட்டத்து பங்களா நாய் தொரத்திருச்சும்மான்னா. அடிச்சேன்."

தோட்டத்து பங்களாவில் நாய் கிடையாது. அந்தப் பலகையை எழுதியவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்தும் காரைக்குடிப் பக்கமிருந்தும் சீசன்காரர்கள் வரத் தொடங்கினார்கள். படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த மரியம் பீவியை விலகச் சொல்லத் தயங்கி, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கோட்டுக்காரர் தன் மனைவியிடம், "தத்ரூபம்! பேசறாப்புல இருக்கு பாரு" என்றார். மரியம் பீவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் அடுத்த சுவருக்குப் போய்விட்டார்.

கண்காட்சி முடிந்த அன்று டோரத்தியம்மா படத்தைத் தானே கழற்றி மரியம் பீவியின் கையில் கொடுத்தார். "இது உன்னுடையது. இது வர்ணம் அல்ல, தூள். காகிதத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியை எடுக்க வேண்டாம். கை வேண்டாம். ஈரம் வேண்டாம்." பிறகு ரிப்பனையும் கொடுத்தார்.

வழியில் குத்தூஸ் மெதுவாக இழுத்தார். "உருவப்படம். வீட்டுக்குள்ள... மலக்குமாரு..."

"படமே இல்லாத வீட்டுக்குள்ளதான் உசிரெடுக்குற இஸ்ராயீல் வந்துட்டுப் போனாரு" என்றாள் மரியம் பீவி. குத்தூஸ் வீட்டுக்குப் போய் ஆணியடித்தார்.

அடுத்த ஒன்றிரண்டு மாதம் அந்த வீட்டில் ஒரு விதமாக அடுப்பு எரிந்தது. மரியம் பீவி காலையில் எழுந்ததும் படத்தின் முன்னால் நிற்பாள். பிறகு கோழிக்கூட்டைத் திறப்பாள். முட்டைகளைத் துடைத்து அடுக்கி, தானே கூடையை எடுத்துக்கொண்டு பங்களாக்களுக்குப் போனாள். பூம்பாறைப் பூண்டு தட்டிப் போட்டு மிளகு ஆணம் வைத்தாள். குத்தூஸ் இரண்டாம் தடவை சோறு கேட்டதை ஒலியுல்லாவிடம் சொல்லிச் சிரித்தாள். "தெனம் ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும்டா. பாத்துட்டா அன்னைக்குப் பூரா மூஞ்சி மறக்காது."

குத்தூஸும் கடைக்குக் கிளம்பும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். நேராகப் பார்க்க உஸ்தாதின் பயம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஆடி பிறந்தது. சாரல் பிடித்துக்கொண்டது. நாலு நாள் சூரியனைப் பார்க்கவில்லை. கொடியில் போட்ட துணி காயாமலே நாறியது. ஒரு காலை மரியம் பீவியின் குரல் கேட்டது.

"என்னங்க, வெரசா வாங்க."

கண்ணாடிக்கு உட்பக்கம், இடது கன்னத்தின்மேல், ஊசிமுனையளவு வெள்ளை. மறுநாள் அது மிளகளவு ஆனது. அடுத்த நாள் நெற்றியில் ஒன்று. பூசணம்.

"திரும்ப வந்துருச்சுங்க" என்றாள், காய்ச்சலைச் சொல்கிற குரலில். "ஏதாச்சும் செய்யுங்க. போன தடவை மாதிரிப் பாத்துக்கிட்டே நிக்காதீங்க."

கண்ணாடி எடுக்காதே, கை வேண்டாம், ஈரம் வேண்டாம் என்று டோரத்தியம்மா சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தம்மா இப்போது நடுக்கடலில் இருந்தார். தவிரவும், ஈரம் ஆகாது என்றால் அதற்கு வார்னிஷைத் தவிர உலகத்தில் வேறென்ன மருந்து இருக்கிறது? பஜாரில் நாயில்லாத நாய்ப்பலகைக்கெல்லாம் வருடாவருடம் அடித்துக் காப்பாற்றியவர், பெற்ற மகளுக்கு அடிக்காமல் விடுவாரா?

தொழுகைக்குப் போல முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டார். இருப்பதிலேயே தெளிந்த வார்னிஷை எடுத்தார். புதுப் பிரஷ்ஷை வெந்நீரில் அலசிக் காயவைத்தார். சட்டத்தின் பின்பக்க ஆணிகளைக் கழற்றிக் கண்ணாடியை நகர்த்தி, கோழி இறகால் பூசணத்தை ஊதுவதுபோலத் தட்டிவிட்டார். அது போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல வேலைக்காரன் பாதியில் நிறுத்த மாட்டானே. பிஸ்மில்லாஹ் சொல்லி நெற்றியிலிருந்து மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தார்.

முகம் எழுந்து வந்தது. அதுவரை சாக்பீஸ் தூளாக மங்கியிருந்த நிறமெல்லாம் ஈரம் பட்டுப் பளிச்சென்று ஏறியது. கண்ணில் ஒரு மினுமினுப்பு. உதடு இப்போதுதான் நனைத்துக்கொண்டது போல இருந்தது.

"மரியம்! ஓடி வா! கண்ணைப் பாரு!"

இடியாப்பத்துக்கு மாவு பிசைந்த கையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். "யா அல்லா" என்றாள். "பேசப் போறா. பேசப் போறா."

அவர் இரண்டாவது இழுப்பு இழுத்தார்.

பிரஷ்ஷின் மயிரில் கன்னத்தின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அதற்குள் நெற்றி உள்வாங்கத் தொடங்கியிருந்தது. தூள் வார்னிஷைக் குடித்தது. வெள்ளையாக இருந்ததெல்லாம் கண்ணாடிபோலத் தெளிந்து, அடியிலிருந்து காகிதத்தின் பழுப்பு மேலே வந்தது. மூக்குப் போனது. உதடு போனது. ஏரியில் விழுந்த முகம் அடிக்குப் போவதுபோல, இன்னும் தெரிகிறது, இன்னும் தெரிகிறது என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க, போய்விட்டது. குத்தூஸ் டர்பன்டைனில் துணியை நனைத்து ஒற்றினார். அது மிச்சமிருந்த கண்ணையும் எடுத்துக்கொண்டது.

"நிறுத்துங்க" என்றாள் மரியம் பீவி. மாவுக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும். விட்டுருங்க. போவட்டும்."

கூடையும் தாவணியும் மட்டும் ஓரளவு தங்கின. நீலத்துணியில் பச்சைக் கறை அப்படியே இருந்தது.

அன்றைக்கு அவள் இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள். மறுநாள் கோழிக்கூட்டைத் திறக்கவில்லை.

"அக்கா திட்டுச்சா மச்சான்?" என்று கடையில் ஒலியுல்லா கேட்டான்.

"இல்லைடா. திட்டியிருந்தா ஒரு வாய் சோறாவது எறங்கியிருக்கும்."

ஒலியுல்லா டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். டோரத்தியம்மாவுக்கு எழுதிப் போட்டால் என்ன என்றான். எழுதலாம், அந்தம்மா அங்கே எதைப் பார்த்து வரைவார்? குருநாதன் எப்போதோ மதராஸுக்கு இறங்கிவிட்டார். இருந்தாலும் இன்னும் ஒரு முக்கோணம்தான் கிடைக்கும். "ரேஞ்சர் ஐயா இருக்காருல்ல" என்றான் ஒலியுல்லா. "இலைக்கு இலை நரம்பு போடுறவரு. மூஞ்சிக்குப் போடமாட்டாரா? நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்து சொல்லுங்க, அவரு போடட்டும்."

இராமலிங்கம் முதலில் சம்மதிக்கவில்லை. "நான் மனுசங்களை வரையறதில்லையே பாய். நிக்க மாட்டாங்க."

"இவ நிப்பாய்யா" என்றார் குத்தூஸ். "இனிமே எங்கேயும் போகமாட்டா."

மறுநாள் மத்தியானமே ரேஞ்சர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மரியம் பீவி பாய் விரித்தாள், கடுங்காப்பி வைத்தாள். அவர் பாழான படத்தை எதிரே சாய்த்து வைத்து, முகம் இருந்த இடத்தின் அளவை மட்டும் புதுக்காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு மர ஆய்வுக்குப் போனவர்போலக் கேட்க ஆரம்பித்தார்.

"நெத்தி எப்படிம்மா? அகலமா, குறுகலா?"

"அகலம்" என்றாள் மரியம் பீவி.

"குறுகல்" என்றார் குத்தூஸ்.

"ஒங்க நெத்தியச் சொல்றீங்க."

"என் நெத்தி இப்ப எங்க இருக்கு? பிடரி வரைக்கும் போயிருச்சு."

ரேஞ்சர் சிரித்தார். மரியம் பீவிக்கும் உதடு அசைந்தது. நடுத்தரமாக ஒரு நெற்றி போட்டார்.

"மூக்கு?"

"எங்கம்மா மூக்கு" என்றார் குத்தூஸ் உடனே.

"ஒங்கம்மாவுக்கு நுனி மடங்கியிருக்கும். இவளுக்கு ஏதுங்க? நேரா இருக்கும்யா. சின்னதா."

"சின்னதுன்னா எவ்வளவு?"

மரியம் பீவி கையைக் காட்டப் போனாள். விரலை விரித்தாள், குறுக்கினாள், மடியில் வைத்துக்கொண்டாள். "சின்னதுதான்யா" என்றாள்.

பென்சில் ஓடியது. அழித்தார். திரும்பப் போட்டார். புருவம் சேர்ந்திருக்குமா, விலகியிருக்குமா என்றார். காது ஒட்டியா, விரிந்தா என்றார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில் வந்தது. சில சமயம் ஒருவரிடமிருந்தே இரண்டு வந்தது.

"மச்சம் கிச்சம்?"

"இருக்கு" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். அன்று மத்தியானம் முழுக்க ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

"எங்கே?"

"இடது கண்ணுக்குக் கீழே" என்றாள் மரியம் பீவி.

"வலது" என்றார் குத்தூஸ்.

"நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

"எங்க, சரியா நெனைச்சுப் பாரு."

அவள் கண்ணை மூடினாள். தன் முகத்தையே இடது பக்கம் தொட்டாள், வலது பக்கம் தொட்டாள். தலைவாரிவிடுவதுபோல முன்னால் கையை நீட்டி வெறுங்காற்றில் வகிடு எடுத்தாள். கை நின்றுவிட்டது.

"உச்சியில ரெட்டைச்சுழிய்யா. அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். "கழுத்துப்பொடரியில பூனைமுடி ஒரு வரிசையா இறங்கும். அதுவும் தெரியும். தெனம் பின்னாலதானே உக்காந்து சடை போட்டேன்." நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "திருப்பிப் பாத்தா பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதுன்னு கத்துவா" என்றாள்.

ரேஞ்சர் குத்தூஸைப் பார்த்தார். குத்தூஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு ஆமினா கடைக்கு வருவாள். அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், கோடு கோணிவிடும் என்று, ‘அங்கிட்டு வையிம்மா’ என்பார். கொஞ்ச நேரம் நிற்பாள். மூச்சுச் சத்தம் கேட்கும். எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பிறகு போய்விடுவாள்.

"வலதுன்னு உறுதியா சொல்றீங்களா பாய்?"

"அவ சொன்னபடியே இடது பக்கம் வையுங்கய்யா" என்றார்.

"வேணாம், அவரு சொன்னபடியே இருக்கட்டும்" என்றாள் மரியம் பீவி.

கூரைத் தகரத்தில் சாரல் சத்தம் கூடியது. கோழிகள் கூட்டுக்குள் அடைபட்டுக் கேவின. ரேஞ்சர் காட்டு மரத்துக்குக் கொடுக்கிற பொறுமை அத்தனையையும் கொடுத்தார். இமைமயிர் ஒவ்வொன்றாகப் போட்டார். அழித்து அழித்துக் காகிதம் கன்னத்துப் பக்கம் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. மச்சத்தைக் கடைசிவரை வைக்கவில்லை. வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, காகிதத்தை மரியம் பீவியிடம் நீட்டினார்.

அவள் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். குத்தூஸ் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை. பதிமூன்று வயதிருக்கும். நல்ல நெற்றி, நேரான மூக்கு, அடக்கமான வாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரையும் மரியாதையாகப் பார்த்தது.

"அழகா இருக்கு" என்றாள் மரியம் பீவி.

ரேஞ்சர் மூச்சு விட்டார்.

"யாரு வீட்டுப் புள்ளைய்யா?"

குத்தூஸ் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த வேடிக்கைகளெல்லாம் வரிசையாக வந்து நின்று, ஒன்றும் உதவாது என்று திரும்பிப் போயின.

மரியம் பீவி காகிதத்தைத் துப்பட்டியின் உலர்ந்த முனையால் ஒருமுறை தூசி தட்டி, ரேஞ்சரிடமே திருப்பிக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போயிருங்கய்யா. குத்தமா நெனைச்சுக்கிராதீங்க. இவளைப் பெத்தவ எங்கேயாச்சும் தேடிக்கிட்டு இருப்பா."

அவர் அதைச் சுருட்டப் போய், சுருட்டாமல், தட்டையாகவே கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். குத்தூஸ் வாசல்வரை வந்தார். சாரல் கனத்து மழையாகியிருந்தது. மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து நீட்டினார்.

"கொண்டுபோங்கய்யா. நனைஞ்சிரப் போவுது."

"எனக்கெதுக்கு பாய்? மழைக்கோட்டு இருக்கே."

"ஒங்களைச் சொல்லலைங்க" என்றார் குத்தூஸ்.